காந்தத்தில் நாம் வழக்கமாகச் செய்யும் தவறுகள்

ஒரே அளவும் ஒரே நிறமும் உள்ள இரண்டு உலோகச் சட்டங்கள் மேசையில் கிடக்கின்றன. ஒன்று காந்தம், மற்றொன்று வெறும் இரும்பு. வேறு எந்தக் கருவியும் இல்லாமல் எது காந்தம் என்று கண்டுபிடிக்கச் சொன்னால், பெரும்பாலானோர் இரண்டையும் அருகருகே கொண்டுபோய், அவை ஒட்டிக்கொண்டதும் திகைத்து நிற்பார்கள். காந்தம் இரும்பை எவ்வளவு இழுக்கிறதோ, அதே அளவுக்கு இரும்பும் காந்தத்தை இழுக்கிறது. இந்தப் புதிருக்கு எளிய விடை உண்டு. ஒரு சட்டத்தை மேசையில் படுக்க வைத்து, மற்றொன்றின் நுனியை அதன் நட்டநடுவில் தொட வேண்டும். பலமாக ஒட்டினால் கையிலிருப்பதே காந்தம். இழுப்பு ஏறக்குறைய இல்லை என்றால் படுத்திருப்பதுதான் காந்தம், ஏனெனில் காந்தத்தின் வலிமை முனைகளில் மிகுந்தும் நடுவில் மிகக் குறைந்தும் இருக்கும். ஈர்ப்பை மட்டும் பார்த்து ஒரு பொருளைக் காந்தம் என்று முடிவு கட்டுவதுதான் நான் அடிக்கடி காணும் முதல் தவறு. ஒரு காந்தத்தின் ஒரு முனை, சோதிக்கப்படும் பொருளை ஓரிடத்திலாவது தள்ளிவிட்டால்தான் அதுவும் காந்தம் என்று உறுதியாகச் சொல்ல முடியும்.

இரும்புக்குள் கண்ணுக்குத் தெரியாத நுண்பகுதிகள் எண்ணற்றவை இருக்கின்றன. ஒவ்வொன்றும் ஒரு குட்டிக் காந்தம். சாதாரண இரும்பில் அவை ஆளுக்கொரு திசையை நோக்கிக் கிடப்பதால் ஒன்றின் விளைவை மற்றொன்று அழித்துவிடுகிறது. அவற்றுள் பெரும்பாலானவை ஒரே திசைக்குத் திரும்பிவிட்டால் அந்த இரும்பு காந்தமாகிறது. இந்த ஒழுங்கை மனத்தில் வைத்துக்கொண்டால் பல குழப்பங்கள் தாமாகவே நீங்கும்.

எல்லா உலோகங்களையும் காந்தம் இழுக்கும் என்ற எண்ணம் அவற்றுள் ஒன்று. சாதாரண வெப்பநிலையில் பலமாக இழுக்கப்படும் பொதுவான உலோகங்கள் இரும்பு, நிக்கல், கோபால்ட் ஆகிய மூன்றும் அவற்றின் கலவைகள் சிலவுமே. செம்பு, அலுமினியம், பித்தளை, வெள்ளி, தங்கம் ஆகியவை ஒட்டுவதில்லை. ஆகவே, காந்தத்தில் ஒட்டாததால் ஒரு நகை தங்கம் என்று நம்புவது பிழை, பித்தளையும்தான் ஒட்டாது. துருப்பிடிக்காத எஃகில் ஒட்டும் வகையும் உண்டு, ஒட்டாத வகையும் உண்டு என்பதால், ஒட்டுவதை வைத்துப் பாத்திரத்தின் தரத்தை அளப்பதும் சரியன்று. இண்டக்‌ஷன் அடுப்புக்கு அது பொருந்துமா என்று பார்க்க மட்டும் அடிப்பகுதியில் காந்தத்தை வைத்துப் பார்ப்பது நல்ல சோதனை.

காந்தத்தை இரண்டாக உடைத்தால் வடமுனை ஒரு துண்டிலும் தென்முனை மற்றொன்றிலும் தங்கிவிடும் என்பது மற்றொரு தவறான எண்ணம். உடைந்த ஒவ்வொரு துண்டிலும் நுண்பகுதிகள் அதே வரிசையில் இருப்பதால், ஒவ்வொன்றும் இரு முனைகளும் கொண்ட முழுக் காந்தமாகவே இருக்கும். தையல் ஊசியைக் காந்தமாக்க முயல்பவர்கள் அதைக் காந்தத்தின் மீது முன்னும் பின்னுமாகத் தேய்த்துவிட்டு, பலன் இல்லையே என்று வருந்துவதும் உண்டு. காந்தத்தின் ஒரே முனையால், ஒரே திசையில், ஒவ்வொரு முறையும் கையை நன்றாக உயர்த்தித் திரும்பக் கொண்டுவந்து முப்பது நாற்பது தடவை தேய்த்து, ஊசியை ஒரு சிறு தக்கையில் வைத்துத் தண்ணீரில் மிதக்கவிட்டால், அது மெல்லச் சுழன்று வடக்கு தெற்காக வந்து நிற்பதைக் காணலாம்.

அந்த ஒழுங்கைக் குலைப்பதும் எளிது. காந்தத்தைச் சுத்தியலால் தட்டுவதும், அடிக்கடி கீழே போடுவதும், சூடாக்குவதும் அதன் வலிமையைக் குறைக்கும். இரும்பு 770 டிகிரி செல்சியஸுக்கு மேல் காந்தத்தன்மையை இழந்துவிடுகிறது. இன்று பரவலாகக் கிடைக்கும் நியோடிமியம் காந்தங்களின் சாதாரண வகைக்கு 80 டிகிரியைத் தாண்டினாலே நிரந்தரமாக வலிமை குறையத் தொடங்கும். பள்ளி ஆய்வகங்களில் சட்டக் காந்தங்களை எதிரெதிர் முனைகள் பக்கத்தில் வரும்படி இணையாக அடுக்கி, இரு ஓரங்களிலும் தேனிரும்புத் துண்டுகளை வைத்துப் பாதுகாப்பது, காலப்போக்கில் அந்த ஒழுங்கு தானாகவே குலையாமல் இருக்கத்தான்.

திசைகாட்டி பற்றிய தவறுகள் இன்னும் நுட்பமானவை. ஊசியின் வடமுனை வடக்கு நோக்கி இழுக்கப்படுகிறது என்றால், ஒத்த முனைகள் விலக்கும் என்ற விதிப்படி, பூமியின் வடபகுதியில் இருப்பது காந்தத்தன்மையில் தென்முனையாகத்தான் இருக்க வேண்டும், உண்மையும் அதுவே. ஊசி காட்டும் வடக்கும் புவியியல் வடக்கும் பெரும்பாலான இடங்களில் பொருந்துவதில்லை. ஊசி சரியாகத் தெற்கைக் காட்டாமல் சற்றுக் கிழக்கே சாய்கிறது என்று சீன அறிஞர் ஷென் குவோ 1088 வாக்கிலேயே எழுதிவைத்தார். பூமிக்குள் ஒரு பெரிய சட்டக் காந்தம் புதைந்திருப்பதாகப் பாடப்புத்தகப் படத்தைப் பார்த்து நினைத்துக்கொள்வதும் தவறு. உள்ளே இரும்பு காந்தமாக நீடிக்க முடியாத அளவுக்கு வெப்பம் இருக்கிறது. வெளிக்கருவில் உருகிய இரும்பு சுழன்று ஓடும்போது உண்டாகும் மின்னோட்டங்களே புவியின் காந்தப்புலத்தைத் தோற்றுவிக்கின்றன. திசைகாட்டியைக் கைப்பேசிக்குப் பக்கத்தில் வைத்துப் பார்க்கவும் கூடாது. அதன் ஒலிபெருக்கியில் உள்ள காந்தம் ஊசியைத் திருப்பிவிடும்.

காந்தத்தைக் கண்டுபிடித்தவர் மேக்னஸ் என்ற இடையர், அவருடைய காலணி ஆணிகள் பாறையில் ஒட்டிக்கொண்டன என்று பலரும் எழுதுகிறார்கள். ரோமானிய எழுத்தாளர் பிளினி பதிவு செய்த அந்தக் கதை அழகானதுதான். அதை வரலாறாகச் சொல்லக் கூடாது. போற்ற வேண்டியவர் ஆங்கிலேய மருத்துவர் வில்லியம் கில்பர்ட். வைரத்தால் தேய்த்த இரும்பு வடக்கு நோக்கும் என்ற நம்பிக்கையை அவர் எழுபத்தைந்து வைரங்களைக் கொண்டு பலர் முன்னிலையில் சோதித்து, பொய் என்று காட்டினார். பூமியே ஒரு காந்தம் என்று 1600இல் வெளியிட்ட நூலில் அறிவித்தார். நேரில் சோதித்த பின்பே ஏற்பது என்ற அந்தப் பிடிவாதம் எனக்கு இன்றும் வியப்பளிக்கிறது. 1820இல் கோபன்ஹேகனில் டென்மார்க் விஞ்ஞானி ஓர்ஸ்டெட், மின்னோட்டம் பாயும் கம்பியருகே காந்த ஊசி திரும்புவதைக் கண்டார். 1831இல் ஆங்கிலேய விஞ்ஞானி ஃபாரடே, மாறும் காந்தப்புலத்திலிருந்து மின்சாரம் பெறலாம் என்று காட்டினார். மின்விசிறி, ஒலிபெருக்கி, மின்னாக்கி எல்லாம் இந்த இரண்டின் வழிவந்தவை.

பயன்பாட்டில் எதற்கு அஞ்ச வேண்டும் என்பதிலும் குழப்பம் இருக்கிறது. பென் டிரைவில் தகவல் மின்னூட்டமாகச் சேமிக்கப்படுவதால் வீட்டுக் காந்தம் அதை அழிக்காது. வங்கி அட்டைகளின் பின்புறமுள்ள கறுப்புக் காந்தப் பட்டையைத்தான் பலமான காந்தத்திடமிருந்து காக்க வேண்டும். எம்ஆர்ஐ கருவியின் காந்தம், படம் எடுக்காத நேரத்திலும் பொதுவாக இயங்கிக்கொண்டேதான் இருக்கும் என்பதால், அந்த அறைக்குள் இரும்புப் பொருளோடு நுழையக் கூடாது. இதயமுடுக்கி பொருத்தியவர்கள் பலமான காந்தங்களை மார்பருகே கொண்டுசெல்லக் கூடாது. குழந்தை ஒன்றுக்கு மேற்பட்ட சிறு காந்தங்களை விழுங்கிவிட்டால், தானாக வெளியே வந்துவிடும் என்று காத்திருப்பதே மிகக் கொடிய தவறு. அவை குடலின் வெவ்வேறு மடிப்புகளிலிருந்து ஒன்றையொன்று இழுத்து, இடையில் சிக்கும் சுவரைத் துளைத்துவிடக்கூடும் என்பதால், வலி தெரியாவிட்டாலும் உடனே மருத்துவமனைக்குக் கொண்டுசெல்ல வேண்டும்.