உங்கள் வீடு நடுத்தர வர்க்கமா? நோட்டை எடுத்துக் கணக்குப் போடுங்கள்

டிவி, வாஷிங் மெஷின் இருக்கிறதே என்று முடிவு செய்துவிடாதீர்கள், அதெல்லாம் தவணையிலேயே வந்துவிடும். ஒரு மாதச் செலவு முழுவதையும் எழுதுங்கள்: பால், மளிகை, பள்ளிக் கட்டணம், கரண்ட் பில், அப்புறம் மொய். காரைக்குடிப் பக்கம் தை, ஆவணியில் மொய்யே பெரிய தொகை, விட்டுவிடாதீர்கள். மொத்தத்தைத் தலைக்கும் 30 நாளுக்கும் வகுங்கள்.

வளரும் நாடுகளுக்குப் பல ஆய்வாளர்கள் வைக்கும் கோடு, தலைக்கு நாளொன்றுக்கு 10 டாலர். வங்கி மாற்று விலையில் பெருக்கக்கூடாது. வாங்கும் திறன்படி, அதாவது அமெரிக்காவில் ஒரு டாலருக்குக் கிடைப்பதை இங்கே வாங்க, 2021 விலையில் சுமார் 20 ரூபாய்தான், ஆக 200 ரூபாய், நாலு பேர் வீட்டுக்கு மாதம் 24,000; இன்றைய விலையில் இதைவிடக் கூடும்.

சரி, தாண்டிவிட்டீர்களா? இனிமேல்தான் முக்கியமான வேலை. ஆத்தங்குடியில் கண்ணாடி மேல் வண்ணம் ஊற்றித் தரைக்கல் செய்யும் என் சித்தப்பா வீடும் தாண்டித்தான் இருந்தது, ஒரே ஆபரேஷனில் சித்தியின் சங்கிலி அடகுக்குப் போய், மீட்க இரண்டு வருஷம் ஆனது. முதலமைச்சர் காப்பீட்டுத் திட்டத்துக்கு ஆண்டு வருமான வரம்பு 1,20,000 ரூபாய், நீங்கள் அதற்கு மேலே. அதனால் அடுத்த தவணைப் பொருளைத் தள்ளிவைத்து, குடும்பத்துக்கு மருத்துவக் காப்பீட்டை முதலில் எடுங்கள், பிறகு மூன்று மாதச் செலவைத் தனிக் கணக்கில் சேருங்கள்.