கையால் சப்பாத்து தைக்கிறீர்களா? இந்தத் தவறுகளைத் தவிர்த்துக்கொள்ளுங்கள்

கொழும்பு புறக்கோட்டையில் தோல் வாங்கப் போகும் புதியவர்கள் நிறத்தையும் மினுக்கத்தையும்தான் பார்ப்பார்கள். இழுத்துப் பார்ப்பவர் குறைவு. முதுகுப் பக்கத் தோல் இறுக்கமானது, வயிற்றுப் பக்கம் தளர்வானது. மேல்தோலை, அதாவது சப்பாத்தின் மேற்பகுதிக்கான தோலை, வெட்டும்போது இழுபடாத திசை விரலிலிருந்து குதி வரை நீளவாக்கில் வரவேண்டும். துண்டை மிச்சம் பிடிக்கச் சரித்து வெட்டினால், போடப் போடச் சப்பாத்து நீண்டு குதி கழன்று வரும்.

அளவைப் பின்னேரம் எடுங்கள், அப்போது கால் சற்று வீங்கியிருக்கும். இரண்டு காலையும் அளக்க வேண்டும். ஆங்கில அளவில் ஒரு நம்பர் 8.46 மில்லிமீற்றர், ஐரோப்பிய அளவில் 6.67. இரண்டையும் குழப்பி, சப்பாத்துக்கு வடிவம் கொடுக்கும் கால்வடிவக் கட்டையை வாங்கினால் பிறகு எந்தக் கைத்திறனும் உதவாது.

கொழும்பில் பெரிய எதிரி ஈரக்காற்று. பசையை இரண்டு பக்கமும் பூசிக் காயவிடும்போது அதிலுள்ள கரைப்பான் ஆவியாகிப் பரப்பு குளிரும், மழை நாளில் அதன்மேல் நீர் படியும். பார்வைக்குக் காய்ந்தது போலிருக்கும், ஒட்டினால் சில நாளில் அடி வாய்பிளக்கும். விரலின் பின்புறத்தால் தொட்டுப் பாருங்கள்: பிசுபிசுக்க வேண்டும், ஆனால் விரலில் வரக்கூடாது. அடைமழையென்றால் அன்று ஒட்டுவதையே விட்டுவிட்டு வேறு வேலை பாருங்கள். ஒட்டுமுன் மேல்தோலின் வழுவழுப்பான விளிம்பை அரத்தால் சுரண்டவும் மறக்கவேண்டாம்.

ஈரத்தில் இன்னொரு வம்பும் உண்டு. மரப்பட்டையால் பதனிட்ட உள்ளடித்தோலை நனைத்துக் கட்டையில் இரும்பாணியால் அறைந்து வைத்தால், ஆணியைச் சுற்றிக் கறுப்புக் கறை பிடிக்கும். பட்டையின் துவர்ப்புச் சத்தும் இரும்பும் சேர்வதால் வருவது அது, கழுவினாலும் போகாது. பித்தளை ஆணி பாவிக்கலாம்.

வாடிக்கையாளர் கல்யாண வீட்டுக்குக் கேட்கிறார் என்று மொட்டை மாடி வெயிலிலோ தலைமயிர் உலர்த்தும் கருவியாலோ ஈரச் சப்பாத்தைக் காயவைப்பவர்கள் இருக்கிறார்கள். மேல்பக்கம் முதலில் சுருங்கும், உள்ளே ஈரம் நிற்கும், வெடிப்பு விழும். நிழலில், ஃபேன் காற்றில், கட்டையிலேயே ஒரு வாரமாவது இருக்கட்டும். முன்கூட்டிக் கழற்றினால் விரல் பக்கம் அன்றே தொய்யும். அந்தக் கல்யாணத்துக்குக் கடைச் சப்பாத்தே போதும் என்று சொல்லிவிடுவது நல்லது.

மிச்சத் தோலை பொலித்தீனில் கட்டி வைக்காதீர்கள், பூஞ்சணம் பிடிக்கும். பழைய சீலையிலோ கடதாசியிலோ சுற்றி, சுவரில் ஒட்டாமல் றாக்கையில் வையுங்கள்.