மினி கார்: முந்தையதா பிந்தையதா என்று பிரித்துப் பார்ப்பது எப்படி

மினியைப் பார்க்க வருகிறவர்கள் நேராகப் போய் நிற்பது முன்பக்க கிரில்லின் எதிரில்தான். நான் அந்தப் பக்கமே போக மாட்டேன். 1959-இல் தொடங்கி 2000 வரை ஏறக்குறைய ஒரே உருவத்தில் வந்த பிரிட்டனின் சிறிய கார் இது. கிரில், பம்பர், இருக்கை, பெயர்ப்பட்டை எதை வேண்டுமானாலும் ஒரு வார இறுதியில் மாற்றிவிடலாம். 1990-களின் காருக்குப் பழைய மீசை வடிவ கிரில்லை மாட்டி வயதைக் கூட்டிக் காட்டுவது சர்வசாதாரணம். ஸ்பேனரால் கழற்றக்கூடிய எதையும் தனிச் சாட்சியாக எடுத்துக்கொள்ளாதீர்கள். தகட்டை வெட்டி வெல்டிங் வைத்தால்தான் மாறும் என்பதை முதலில் தேடுங்கள்.

கதவில் தொடங்குங்கள். கீல்கள் வெளியே துருத்திக்கொண்டிருந்தால், அது முதல் இரண்டு தொடர்களில் ஒன்று. 1969 இறுதியில் வந்த மூன்றாம் தொடரில் கீல்கள் உள்ளே போய்விட்டன. கைப்பிடியைச் சுற்றி இறக்கும் கண்ணாடியும் அப்போதுதான் வந்தது. அதற்கு முன் கண்ணாடியைப் பக்கவாட்டில் தள்ளித்தான் திறக்க வேண்டும். முந்தைய காரின் கதவை உட்புறம் பாருங்கள்: இறக்கும் பொறி எதுவும் இல்லாததால் கதவு வெறும் கூடு. வடிவமைத்த அலெக் இசிகோனிஸ் அந்தக் காலி இடத்தை அப்படியே பெரிய பையாக விட்டுவிட்டார். முழங்கை அந்தக் குழிக்குள் போய் உட்கார்ந்துகொள்ளும். பிந்தைய காரில் அதே முழங்கை கதவில் இடிக்கும். இரண்டிலும் அடுத்தடுத்து உட்கார்ந்தாலே வித்தியாசம் புரிந்துவிடும். என்னைக் கேட்டால், சுற்றும் கைப்பிடிக்காக அந்த இடத்தை விட்டுக்கொடுத்தது நல்ல பேரமில்லை.

விதிவிலக்கு உண்டு. வேனும் பிக்கப்பும் 1980-களின் தொடக்கம் வரை வெளிக்கீலோடுதான் வந்தன. ஆஸ்திரேலியாவில் தயாரான சில கார்களில் வெளிக்கீலும் சுற்றி இறக்கும் கண்ணாடியும் சேர்ந்தே இருக்கும். முதல் தொடரா, 1967-இல் வந்த இரண்டாம் தொடரா என்று தெரிய வேண்டுமானால் பின்கண்ணாடியைப் பாருங்கள். இரண்டாவதில் அது பெரிது.

அடுத்தது பானெட். இன்ஜின் குறுக்காகக் கிடக்கும், கியர்பாக்ஸ் அதன் அடியில். இரண்டுக்கும் ஒரே ஆயில். இது கடைசி வரை மாறவில்லை. 848 சிசியில் தொடங்கி 1275 சிசி வரை பல அளவுகள் வந்தன. ஆனால் எந்த இன்ஜினும் எந்த மினிக்குள்ளும் போகும் என்பதால், அளவை வைத்து வயதைச் சொல்லிவிட முடியாது. ரேடியேட்டர் எங்கே என்று பாருங்கள். இடப்பக்கம் இருந்தால் 1996-க்கு முந்தையது, முன்னால் இருந்தால் அதற்குப் பிந்தையது. முந்தையவற்றில் டிஸ்ட்ரிபியூட்டர் (ஸ்பார்க் பிளக்குகளுக்கு மின்சாரத்தைப் பங்கிடும் கருவி) நேரே கிரில்லைப் பார்த்தபடி இருக்கும். பெருமழையில் நனைந்து இன்ஜின் நின்றுபோவது மினிக்காரர்கள் எல்லோருக்கும் தெரிந்த தொல்லை. கடைசி மாடல்களில் டிஸ்ட்ரிபியூட்டரே கிடையாது.

டிக்கியில் பேட்டரி இருக்கும். எந்த முனை பாடியோடு இணைந்திருக்கிறது என்று பார்க்காமல் எதையும் மாட்டாதீர்கள். 1969 வரை பாசிட்டிவ் முனைதான் எர்த் (பாடியோடு இணைந்தது), பிறகு நெகட்டிவ். பழைய காரில் மின்சாரம் தயாரிக்கும் டைனமோவை எடுத்துவிட்டு, அதே வேலைக்கு ஆல்டர்னேட்டர் வைத்தவர்கள் முனையையும் மாற்றியிருப்பார்கள். ஆகவே காரின் வயதை வைத்து ஊகிக்க வேண்டாம், வயரைக் கண்ணால் பாருங்கள். தலைகீழாக மாட்டினால் ஆல்டர்னேட்டரின் டயோடுகள் போய்விடும்.

ஓட்டிப் பார்க்கும்போது கியர் தண்டு நிறையச் சொல்லும். தொடக்க கால மினியில் நீண்டு வளைந்த தண்டு பெடல்களுக்குப் பக்கத்திலிருந்து கிளம்பி வரும். அதைக் கரண்டி பிடிப்பதுபோல் பிடிக்க வேண்டும். 1968-க்கு முந்தைய கியர்பாக்ஸ் என்றால் முதல் கியரில் சிங்க்ரோமெஷ் (ஓட்டத்திலேயே கியரை இடிக்காமல் சேர்க்கும் அமைப்பு) இல்லை, நின்ற பிறகுதான் போடலாம். சஸ்பென்ஷனில் ஸ்பிரிங்குக்குப் பதிலாகப் பெரும்பாலானவற்றில் ரப்பர் கூம்பு. மேடுபள்ளம் நேரே முதுகில் தெரியும். 1964 முதல் 1971 வாக்கில் வந்த பல சலூன்களில் மட்டும் ஹைட்ரோலாஸ்டிக் என்ற திரவ அமைப்பு. முன்சக்கரம் மேட்டில் ஏறினால் திரவம் குழாய் வழியே பின்னால் ஓடி வாலைத் தூக்கும். ஒருமுறை ஓட்டினால் அந்த ஆட்டம் மறக்காது. 1984-இல் 10 அங்குலச் சக்கரம் 12 அங்குலமானது. எல்லா மினிக்கும் முன் டிஸ்க் பிரேக் வந்ததும் அப்போதுதான். டிரம் பிரேக் கொண்ட பழையதை நெரிசலில் ஓட்டப் போகிறீர்கள் என்றால் கால் வலிமை வேண்டும். தினமும் ஓட்ட 1984-க்குப் பிந்தையதையே வாங்கச் சொல்வேன், ஞாயிற்றுக்கிழமைக்கு வெளிக்கீல்.

துருவில் முந்தையது பிந்தையது என்ற பேதமில்லை. கதவுக்கடியில் ஓடும் சில், பின் சப்பிரேம் (பின்சக்கரங்களைத் தாங்கும் இரும்புச் சட்டம்), அது பாடியோடு சேரும் இடம் ஆகிய மூன்றையும் காருக்கடியில் படுத்துப் பாருங்கள். சில் வழக்கத்தைவிட அகலமாகத் தெரிந்தால், அழுகிய பழைய தகட்டின் மேலேயே புதியதை வைத்து மூடியிருக்கலாம். அந்தக் காரை எந்த ஆண்டு மாடலாக இருந்தாலும் வெட்டிப் பார்க்க விற்பவர் சம்மதிக்க வேண்டும், இல்லையேல் சில்லை முழுவதும் மாற்றும் செலவை விலையில் கழித்துப் பேசுங்கள்.