திருகோணமலையில் முதல் ரிமோட் விமானம் வாங்குவோருக்கு

முதல் ரிமோட் விமானம் வாங்கப் போகிறவரின் கண் பெரும்பாலும் போர் விமான வடிவங்களின் மீதே விழுகிறது. அவற்றை வாங்க வேண்டாம் என்று அழுத்தமாகவே சொல்கிறேன், ஏனெனில் வேகம் குறைந்தால் விழுந்துவிடும் விமானம், கற்பவருக்கு யோசிக்க அவகாசம் தருவதில்லை.

இறக்கை உடலின் மேற்புறம் அமைந்து, அதன் இரு நுனிகளும் நடுப்பகுதியை விடச் சற்றே உயர்ந்திருக்கும் பயிற்சி விமானத்தைத் தேடுங்கள். அந்த வளைவினால், ரிமோட்டில் உள்ள ஸ்டிக்கிலிருந்து (திருப்பும் பிடியிலிருந்து) விரலை எடுத்ததும் விமானம் பெரும்பாலும் தானாகவே நிமிர்ந்துகொள்ளும். நுனிக்கு நுனி 1.2 முதல் 1.4 மீற்றர் வரை போதுமானது. அதைவிடச் சிறியது நமது கடற்காற்றில் அலைக்கழியும், பெரியதை முச்சக்கர வண்டியில் ஏற்றுவதே சிரமம். அருகிலிருந்து சொல்லித்தர ஒருவர் இருந்தால் நான்கு சனல் (அதாவது ரிமோட்டால் தனித்தனியே இயக்கக்கூடிய நான்கு கட்டுப்பாடுகள்), தனியே பழகுவதானால் மூன்று சனல் என்பது என் கருத்து.

இ.பி.ஓ. (EPO) எனப்படும் நெகிழ்வான நுரையால் ஆன உடல் ரெஜிபோம் போல உதிராது. முறிந்தாலும் சாதாரண சுப்பர் குளூவால் ஒட்டலாம், ரெஜிபோமோ அந்தப் பசையில் கரைந்துபோகும். மோட்டர், உள்ளே உராயும் பிரஷ் இல்லாத பிரஷ்லெஸ் வகையாக இருக்கட்டும். இந்த அளவுக்குப் பொருந்தும் பற்றரி பெரும்பாலும் மூன்று செல் கொண்ட 11.1 வோல்ற்று லிப்போ (லித்தியம் பொலிமர்) ஆகும். ஒவ்வொரு செல்லையும் 4.2 வோல்ற்றுக்கு மேல் ஏற்றவோ 3.5க்குக் கீழ் இறங்க விடவோ கூடாது. சார்ஜ் ஏறும்போது அருகிலேயே இருங்கள்.

சீனக்குடாவில் ஓடுபாதையும் விமானப்படைத் தளமும், துறைமுகத்தில் கடற்படைத் தளமும் இருப்பதால், சிவில் விமான சேவைகள் அதிகாரசபையின் விதிகளையும் அனுமதியையும் கேட்டறிந்த பின்னரே பணத்தைச் செலவிடுங்கள். நிலாவெளிக் கடற்கரை அகலமாகத் தோன்றினாலும், மணலும் உப்பும் மோட்டருக்குள் புகும், ஆட்களும் நடமாடுவார்கள். அறுவடை முடிந்த தம்பலகாமத்து வயல்வெளி போன்ற இடமே, உரியவரின் சம்மதத்துடன், மேலானது. கச்சான் காற்று வீசும் மாதங்களில் விடியற்காலையைத் தவிர வேறு வேளையில் பறக்கவிடாதீர்கள்.

பறக்கவிடுமுன் பற்றரியைப் பொருத்தி, கையேட்டில் குறித்த இடத்தில் இறக்கையின் அடியில் இரு விரல்களை வைத்துத் தூக்குங்கள்: மூக்கு மிகச் சற்றே தாழ்ந்தால் நல்லது, வால் தாழ்ந்தால் பற்றரியை முன்னே தள்ளுங்கள். விமானம் உங்களை நோக்கி வரும்போது இடமும் வலமும் மாறித் தோன்றும். அப்போது எந்த இறக்கை தாழ்கிறதோ அந்தப் பக்கமே ஸ்டிக்கைத் தள்ளினால் அது நிமிரும்.