குடும்ப மருத்துவர்களுக்கு உயர் பி.பி.யைக் கட்டுப்படுத்தப் பயிற்சி கொடுக்கப் போகிறீர்களா?

மருந்துப் பட்டியலை வாசித்துப் பயிற்சியைத் தொடங்காதீர்கள். முதலில் ஒவ்வொரு மருத்துவரும் பி.பி. பார்க்கட்டும், நீங்கள் பக்கத்தில் நின்று கவனியுங்கள். நோயாளி 5 நிமிடம் பேசாமல் உட்கார்ந்தாரா, முதுகு நாற்காலியில் சாய்ந்திருக்கிறதா, கை இதய மட்டத்தில் இருக்கிறதா, கையில் சுற்றும் பட்டை கையின் பருமனுக்குப் பொருந்துகிறதா (சின்னப் பட்டை அளவைக் கூட்டிக் காட்டும்), ஒரு நிமிடம் விட்டு மறுபடி பார்த்தாரா? இது தப்பானால் மற்றதெல்லாம் வீண்.

அப்புறம், என்னைப் பொறுத்தவரை பயிற்சியின் உயிரே இதுதான்: "ஏதோ டென்ஷன், அடுத்த மாதம் பார்க்கலாம்" என்று அதே மாத்திரையையே எழுதி அனுப்பும் பழக்கத்தை உடைப்பது. அவரவர் கிளினிக்கின் பழைய சீட்டுகளையே கொண்டுவரச் சொல்லுங்கள். நோயாளி மாத்திரையை ஒழுங்காகச் சாப்பிட்டும் 140/90க்குக் கீழே வராத ஒவ்வொரு முறையும் என்ன மாற்றினார்கள், மாற்றவில்லை என்றால் ஏன் என்று உட்கார்ந்து பேசுங்கள், குற்றம் சாட்டாமல்.

எந்த மருந்துக்குப் பிறகு எது என்று ஒரே பக்கத்தில் அடங்கும் படிமுறை போதும். 2017இல் தொடங்கிய இந்திய உயர் ரத்த அழுத்தக் கட்டுப்பாட்டுத் திட்டம் அப்படித்தான் போகிறது: பல இடங்களில் முதலில் அம்லோடிபின் 5 மி.கி., போதவில்லை என்றால் டெல்மிசார்டான் சேர்ப்பது. கர்ப்பிணிகளுக்கு டெல்மிசார்டான் கூடாது, இதை மறக்காமல் சொல்லுங்கள்.

செவிலியரையும் பயிற்சிக்குக் கூப்பிடுங்கள். மருந்து வாங்க வராதவருக்கு போன் செய்யப்போவது அவர்தான்.