தீவுப் பயணத்துக்கு எத்தனை நாள்? நாள் கணக்கில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

"நான்கு இரவு, ஐந்து பகல்" என்று படித்ததும் கையில் ஐந்து நாள் இருப்பதாக மனம் கணக்குப் போட்டுவிடுகிறது. உண்மையில் இருப்பது மூன்று நாள்தான். போய்ச் சேரும் நாளில் அறை கிடைக்கவே பிற்பகல் ஆகிவிடும். கிளம்பும் நாளில் காலையிலேயே பெட்டி கட்ட வேண்டும், முற்பகலில் அறையைக் காலி செய்ய வேண்டும். நடுவில் இருக்கும் மூன்று நாள் மட்டும்தான் காலையில் கண் விழித்ததிலிருந்து இரவு படுக்கும் வரை முழுசாக உங்களுடையது. தீவுப் பயணத்தில் முதல் தவறு இந்த எண்ணிக்கையிலேயே தொடங்குகிறது. விடுதிக்காரருக்கு இரவுக் கணக்கு சரி. நாம் எண்ண வேண்டியது முழுப் பகல்களை.

எல்லா ஊருக்கும் இது பொருந்தும்தான். ஆனால் தீவுகளில் இந்த இழப்பு இன்னும் பெரியது, ஏனென்றால் விமானம் இறங்கியதோடு பயணம் முடிந்துவிடுவதில்லை. மாலத்தீவை எடுத்துக்கொள்ளுங்கள். வடக்கிலிருந்து தெற்காக ஏறத்தாழ 870 கிலோமீட்டர் தூரத்துக்குச் சிதறிக் கிடக்கும் சுமார் 1,200 தீவுகள் அவை. தலைநகர் மாலே அருகே விமானம் இறங்கியதும், தொலைவில் உள்ள ரிசார்ட் என்றால் கடல் விமானத்தில் போக வேண்டியிருக்கும். அந்த விமானங்கள் பகல் வெளிச்சத்தில் மட்டுமே பறக்கும். மாலையில் வந்து இறங்குபவர் அன்றிரவு மாலேயிலோ பக்கத்துத் தீவான ஹுல்ஹுமாலேயிலோ தங்கிவிட்டு மறுநாள்தான் போக முடியும். திரும்பும் விமானம் அதிகாலை என்றால் முந்தைய நாளே ரிசார்ட்டை விட்டுக் கிளம்பியாக வேண்டும். இரண்டு விமான நேரங்களைச் சரியாகப் பார்க்காததால் ஒன்றரை நாள் போய்விடும். எத்தனை நாள் என்று யோசிக்கும் முன், எத்தனை மணிக்கு இறங்குகிறோம், எத்தனை மணிக்கு ஏறுகிறோம் என்று பாருங்கள்.

ஒரே பயணத்தில் எல்லாத் தீவும்

அவ்வளவு தூரம் போகிறோம், பக்கத்துத் தீவையும் பார்த்துவிடலாம் என்று தோன்றுவது இயல்பு. செஷல்ஸில் நூற்றுக்கும் மேற்பட்ட தீவுகள் உண்டு. மாஹேயிலிருந்து பிராலினுக்குப் படகில் ஒரு மணி நேரம், அங்கிருந்து லா டீக்குக்குக் கால் மணி நேரம். காகிதத்தில் பார்த்தால் ஒரு காலைப் பொழுதில் மூன்று தீவு. ஆனால் படகில் இருக்கும் நேரம் மட்டும் கணக்கல்ல. பெட்டி அடுக்குவது, அறையைக் காலி செய்வது, படகுத்துறைக்குப் போவது, காத்திருப்பது, இறங்கியபின் அடுத்த விடுதிக்கு வண்டி பிடிப்பது, அங்கே அறை தயாராகும்வரை உட்கார்ந்திருப்பது என்று எல்லாம் சேரும்போது ஒவ்வொரு இடமாற்றமும் குறைந்தது அரை நாளை எடுத்துக்கொள்கிறது. தீவை மாற்ற மாற்ற நினைவில் மிஞ்சுவது படகுத்துறைகள்தான்.

என் கணக்கு இது: மூன்று இரவுக்குக் குறைவாகத் தங்குவதாக இருந்தால் அந்தத் தீவில் தனியாக அறை எடுக்காதீர்கள். ஒரு வாரத்துக்கு அதிகபட்சம் இரண்டு தீவு. மூன்றாவதை ஒரு பகல் மட்டும் போய் வரலாம்.

இதிலேயே இன்னொரு பிழையும் சேர்ந்திருக்கிறது. 'தீவு' என்ற ஒரே சொல் எல்லாவற்றையும் ஒரே அளவாக நினைக்க வைத்துவிடுகிறது. பிலிப்பைன்ஸின் போரகாய் ஏறத்தாழ 7 கிலோமீட்டர் நீளம்தான், ஒரே நாளில் நடந்தே பெரும்பகுதியைப் பார்த்துவிடலாம். மொரீஷியஸ் ஏறத்தாழ 65 கிலோமீட்டர் நீளமும் 45 கிலோமீட்டர் அகலமும் கொண்டது. ஹவாயின் 'பெரிய தீவு' 10,400 சதுர கிலோமீட்டருக்கும் மேல், அந்த மாநிலத்தின் மற்றத் தீவுகள் எல்லாவற்றையும் சேர்த்தாலும் அதற்கு ஈடாகாது. அங்கே நான்கு நாள் என்பது அவசரப் பயணம். போரகாயில் அதே நான்கு நாள் தாராளம்.

கடைசி நாளில் கடல்

இந்தத் தவறை மட்டும் தயவுசெய்து செய்யாதீர்கள், ஏனென்றால் இதில் போவது நேரம் மட்டுமல்ல, உடல்நலமும்தான். ஸ்கூபா டைவிங் செய்பவர் நீருக்கடியில் அழுத்தம் கூடிய காற்றைச் சுவாசிக்கிறார். அதிலுள்ள நைட்ரஜன் உடல் திசுக்களில் கரைந்து தங்கிவிடும், மேலே வந்தபின் மெதுவாகத்தான் வெளியேறும். அதற்குள் விமானம் ஏறினால், உள்ளே காற்றழுத்தம் குறையும்போது அந்த வாயு குமிழ்களாக மாறி மூட்டுகளிலும் நரம்புகளிலும் பாதிப்பை உண்டாக்கலாம். ஒரே ஒரு சாதாரண டைவ் செய்திருந்தால் குறைந்தது 12 மணி நேரமும், பல டைவ்களோ பல நாட்களோ செய்திருந்தால் குறைந்தது 18 மணி நேரமும் கழித்தே பறக்கலாம் என்பது டைவர்கள் பின்பற்றும் வழிகாட்டுதல். பலர் 24 மணி நேரம் விட்டுவிடுகிறார்கள், அதுதான் நிம்மதி.

விமானம் மட்டுமல்ல, மலையும் இப்படித்தான். ஹவாயில் காலையில் டைவ் செய்துவிட்டு, பிற்பகலில் 4,207 மீட்டர் உயரமான மௌனா கியா உச்சிக்கு வண்டியில் ஏறுவதும் அதே ஆபத்து. ஆகவே நாள்களின் வரிசை முக்கியம்: கடல் முன்னால், மலை பின்னால், நடுவில் ஓர் இடைவெளி.

தீவுக்குப் போய் டைவிங் கற்றுக்கொள்ளலாம் என்று திட்டமிடுபவர்கள் இன்னும் கவனமாக இருக்க வேண்டும். தொடக்கநிலைச் சான்றிதழ்ப் பயிற்சிக்கே பொதுவாக மூன்று நான்கு நாள் ஆகும். அதன் பிறகு பறக்காத இடைவெளி. நான்கு இரவுப் பயணத்தில் இதைச் சேர்த்தால் கரையில் உட்கார ஒரு மாலை கூட மிஞ்சாது.

பருவத்தைப் பார்க்காமல் நாளைக் குறிப்பது

ஐந்து நாள் என்பது எல்லா மாதத்திலும் ஐந்து நாள் அல்ல. தாய்லாந்தின் மேற்குக் கரையில் உள்ள புக்கெட்டில் மே முதல் அக்டோபர் வரை மழையும் கொந்தளிப்பும். அருகிலுள்ள சிமிலன் தீவுகளை மே நடுப்பகுதியிலிருந்து அக்டோபர் நடுப்பகுதி வரை மூடியே விடுகிறார்கள். அதே நாட்டின் கிழக்குப் பக்கம் வளைகுடாவில் இருக்கும் சமுயி தீவுக்கு அக்டோபர் முதல் டிசம்பர் வரைதான் பெருமழை. ஒரே நாடு, இரண்டு நாட்காட்டி. கரீபியன் தீவுகள் இருக்கும் அட்லாண்டிக் பகுதியில் புயல் காலம் ஜூன் 1 முதல் நவம்பர் 30 வரை என்று கணக்கு, செப்டம்பர் அதன் உச்சம்.

மழைக்காலத்தில் போகவே கூடாது என்று சொல்லவில்லை. கூட்டம் இல்லாத கடற்கரையின் அழகே தனி. ஆனால் நல்ல பருவத்தில் ஐந்து நாளில் முடிவது, மழைக்காலத்தில் ஏழு நாள் கேட்கும். படகு ஓடாத நாளுக்கும் சேர்த்து நாளைக் குறியுங்கள். நல்ல பருவத்திலும் ஐந்து நாளுக்கு ஒரு நாள் உபரி வைப்பது என் வழக்கம்.

அந்த உபரி நாளை எங்கே வைப்பது என்பதில்தான் நான் ஒருமுறை பெரிய பாடம் கற்றேன். விமான நிலையம் இருந்த தீவுக்கும் நாங்கள் தங்கியிருந்த தீவுக்கும் நடுவே இரண்டு மணி நேரப் படகுப் பயணம். காலைப் படகு, மாலை விமானம் என்று திட்டம் போட்டிருந்தேன். விடிந்தபோது காற்று பலமாக இருந்தது, துறைமுகத்தில் படகுகளை விடவில்லை. தூங்கி வழியும் குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டு துறையிலேயே நண்பகல் வரை நின்றோம். விமானம் போய்விட்டது. உபரி நாள் என்னிடம் இருந்தது, ஆனால் அதைப் பயணத்தின் முதல் நாளிலேயே செலவழித்திருந்தேன். அன்றிலிருந்து கடைசி இரவை விமான நிலையம் இருக்கும் தீவில்தான் வைக்கிறேன். அந்தத் தீவில் பார்க்க ஒன்றுமே இல்லாவிட்டாலும் சரி.

அப்புறம், யாரும் பெரிதாகப் பேசாத ஒன்று உண்டு: கடலின் ஏற்ற இறக்கம். நீர் வற்றும் நேரத்தில் சில கரைகளில் நீந்தவே முடியாது, வெகுதூரத்துக்கு முழங்கால் அளவு நீரும் பவளப் பாறையும்தான். அந்த நேரம் ஒவ்வொரு நாளும் சுமார் 50 நிமிடம் தள்ளிப் போகும். இரண்டே நாள் தங்குபவருக்கு இரண்டு நாளும் நண்பகலில் நீர் வற்றியிருந்தால் அவ்வளவுதான், கடலைப் பார்த்துவிட்டுத் திரும்ப வேண்டியதுதான். ஒரு வாரம் தங்குபவருக்கு அது ஆறு மணி நேரம் நகர்ந்திருக்கும், நீர் நிறைந்த நண்பகலும் கிடைத்திருக்கும். இரவில் அலை நீலமாக ஒளிர்வதைப் பார்க்க ஆசைப்படுபவர்கள் பௌர்ணமியைத் தவிர்த்து அமாவாசையை ஒட்டி நாளைத் தேர்ந்தெடுக்க வேண்டும்.

நீளமாகத் தங்கினால் பலன் கூடிக்கொண்டே போகுமா?

போகாது. நெதர்லாந்தில் நீண்ட விடுமுறை எடுத்த ஊழியர்களை ஆய்வாளர்கள் தொடர்ந்து கவனித்தார்கள். அவர்களின் விடுமுறை சராசரியாக 23 நாள். உடல்நலமும் மனநிறைவும் விடுமுறை தொடங்கியதும் வேகமாக ஏறி, எட்டாவது நாளில் உச்சத்தைத் தொட்டன. வேலைக்குத் திரும்பிய முதல் வாரத்திலேயே பழைய நிலைக்கு வந்துவிட்டன. மூன்று வாரம் போனவருக்கு மும்மடங்கு பலன் வரவில்லை.

சிறிய தீவில் இதை நேராகவே உணரலாம். ஐந்தாம் நாளுக்குப் பிறகு அதே கரை, அதே பாதை. சிலருக்கு அதுதான் சுகம், சிலருக்கு மனம் அலைபாயத் தொடங்கிவிடும். நீங்கள் எந்த வகை என்பதை உங்களோடு வருபவர்களையும் கேட்டு முடிவு செய்யுங்கள். ஒருவர் நாள் முழுக்க நீரில் இருக்க, இன்னொருவர் நிழலில் படிக்க விரும்பினால் பத்து நாள் இருவருக்கும் ஒரே நீளமாக இருக்காது.

மறுபக்கம், குறைவான நாளில் எல்லாவற்றையும் பிடித்துவிட வேண்டும் என்று முதல் நாளே நண்பகல் வெயிலில் கிடப்பதும் நடக்கிறது. வெப்பமண்டலத்தில் நண்பகலில் புற ஊதாக் கதிர்க் குறியீடு 11-ஐத் தாண்டுவது சாதாரணம், அளவுகோலில் அதுதான் உச்சப் பிரிவு. முதல் நாளே தோல் வெந்துபோனால் அடுத்த இரண்டு மூன்று நாள் தோளில் துணி படவே முடியாது. பல மணி நேர வித்தியாசத்தைக் கடந்து வருபவர்களுக்கு முதலிரண்டு நாள் தூக்கக் குழப்பத்திலேயே போகும். அப்படி வருபவர்கள் ஏழு இரவுக்குக் குறைவாகத் திட்டமிடுவது வீண் அலைச்சல். பத்து இரவு வரை போவது நல்லது. மூன்று நான்கு மணி நேர விமானத் தூரம் என்றால் ஐந்து இரவே நிறைவாக இருக்கும்.

மாதக்கணக்கில் தங்க நினைப்பவர்கள் விசா நாளை ஒவ்வொன்றாக எண்ணுங்கள். பாலிக்குப் போகும்போது கிடைக்கும் 30 நாள் வருகை விசாவில் இறங்கிய நாளே முதல் நாளாகக் கணக்கு.

அப்படியென்றால் எப்படித் தீர்மானிப்பது?

ஆசைகளிலிருந்து தொடங்குங்கள். இரண்டு நாள் டைவிங், ஒரு நாள் படகில் பக்கத்துத் தீவு, ஒரு நாள் மலைப் பாதை, இரண்டு நாள் ஒன்றும் செய்யாமல் இருப்பது என்று வைத்துக்கொள்வோம். ஆறு முழுப் பகல். வானிலைக்கு ஒரு உபரி, ஏழு. ஏழு முழுப் பகலுக்கு எட்டு இரவு வேண்டும். வீடு திரும்பியபின் வேலைக்குப் போகும் முன் ஒரு நாள். அதையும் இப்போதே லீவு விண்ணப்பத்தில் எழுதிவிடுங்கள், பிறகு கேட்டால் கிடைக்காது.

லீவு ஆறு இரவுக்குத்தான் இடம் தருகிறது என்றால் எதையாவது வெட்டியாக வேண்டும். பக்கத்துத் தீவை வெட்டுங்கள், மலைப் பாதையை வெட்டுங்கள். உபரி நாளையும் சும்மா இருக்கும் இரண்டு நாளையும் மட்டும் தொடாதீர்கள்.