ஓடும்போது மூச்சு முட்டுனதுக்கு பெப்பர்மின்ட் ஆயில் – என் அனுபவம்

சென்னைல மே மாசம் ஓடுறவங்களுக்கு தெரியும், காலைல ஆறு மணிக்கே புழுக்கம் தாங்காது, கொஞ்ச தூரம் போனாலே மூச்சு முட்டி நடக்க ஆரம்பிச்சிடுவேன். கூட ஓடுற ஒரு அண்ணா சொல்லி பெப்பர்மின்ட் எசென்ஷியல் ஆயில் ஒரே ஒரு சொட்டு கர்சீப் மூலைல விட்டு, ஓடுறதுக்கு முன்னாடி கொஞ்சம் தள்ளி வச்சு மோந்து பாத்தேன், ஜில்லுனு மூக்குல ஏறுச்சு பாருங்க, நெஞ்சே விரிஞ்ச மாதிரி இருந்துச்சு, அன்னைக்கு நிக்காம ஓட முடிஞ்சுது. ஆனா ஒண்ணு, மூச்சுக்குழாய் ஒண்ணும் பெருசாகறதில்ல, அதுல இருக்கற மென்தால் குளிர்ச்சிய உணர்ற நரம்ப தூண்டி விடுது, அவ்ளோதான். உடம்பு சூடு அப்படியேதான் இருக்கும், தண்ணி குடிக்கறத மட்டும் விட்றாதீங்க.

2013ல வந்த ஈரான் ஆய்வு ஒண்ணுல 12 காலேஜ் பசங்க 500 மில்லி தண்ணில வெறும் 0.05 மில்லி ஆயில் கலந்து 10 நாள் குடிச்சுட்டு ட்ரெட்மில்ல முன்னைவிட அதிக நேரம் ஓடியிருக்காங்க, ஆனா ஒப்பிட்டுப் பாக்க ஆயில் குடிக்காத குரூப்பே கிடையாது, அதனால அத வச்சு நான் குடிக்க மாட்டேன். நெஞ்செரிச்சல் உள்ளவங்களுக்கு குடிச்சா இன்னும் கூடலாம். தேங்காண்ணெய் கலக்காம தோல்ல தேய்க்காதீங்க, எரியும். கைக்குழந்தைங்க மூக்குகிட்ட கொண்டு போகவே கூடாது.